சொட்டினால் அடைக்கிறவர்

அத்தியாயம் 17

போன வாரம் பச்சைமுத்து போட்ட உத்தரவு உங்களுக்கு நினைவிருக்கும். "நாளிக்கு நாலு மணிக்கு எம்பொண்ணு கொழந்தயோட வரா. அதுக்குள்ள அந்த டப்பா செவுத்துல இருக்கக் கூடாது. மூணு மணிக்குக் காயலான் கடைக்காரன வரச் சொல்லிட்டேன்." இதை அவர் மருமகள் வித்யாவிடம் சொல்லவில்லை. வித்யா இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருக்க, மனைவி வேலம்மாவைப் பார்த்துச் சொன்னார். பன்னிரண்டு நாட்களாக அந்த வீட்டில் பேச்சு இப்படித்தான் சுற்றிக்கொண்டு போகிறது.

டப்பா என்று அவர் சொன்னது குளியலறையில் மாட்டியிருக்கும் தண்ணீர் ஹீட்டரை. வித்யாவின் அப்பா எத்திராஜ் பொன்னேரியில் பைப் கடை வைத்திருப்பவர். தை மாதக் கல்யாணத்தில் சீர் சாமான்களோடு அதையும் வைத்து, ஆள் அனுப்பி மாட்டியும் கொடுத்தார். வேலம்மாவின் முழங்கால் வலிக்கு அது நல்ல உபகாரமாக இருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த நாத்தனார் வைஷ்ணவி இரண்டு மாதம் அதில்தான் குளித்தாள். அவளுக்கு வலி எடுத்ததற்கு முந்தின நாள் ஹீட்டர் நின்றுபோனது.

நின்றதோடு விட்டிருக்கலாம். பச்சைமுத்து விடுகிற ஆளா? ஆஸ்பத்திரி வராந்தாவில், பிள்ளையைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்த எத்திராஜை எதிரில் வைத்துக்கொண்டு, வைஷ்ணவியின் புகுந்த வீட்டார் அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். "கடையில வெலபோவாத பழச நம்ம தலையில கட்டிட்டாரு."  எத்திராஜ் பழப்பையை பெஞ்சில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனவர்தான், அதற்குப் பிறகு இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. மகளுக்கு தினமும் போன் செய்கிறார். மகள் வாழ்க்கைப்பட்ட கோட்டைக்குப்பத்தின் பேச்சை எடுத்தால் மட்டும், கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிடுகிறார்.

வித்யாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ஹீட்டர் பழசு இல்லை என்று காட்ட வேண்டும், அப்பா மறுபடி இந்த வீட்டு வாசலில் தலை நிமிர்ந்து ஏற வேண்டும். அதற்கு அவளுக்கு இன்று மூன்று மணி வரைக்கும்தான் நேரம்.

காலை எட்டு மணி. புருஷன் ஜெகதீஸ்வரன் விடியும் முன்பே கடலுக்குப் போயாகிவிட்டது. மாமனார் கரையில் வலை பார்க்கப் போயிருந்தார். வித்யா துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மெயின் சுவிட்சை இறக்கினாள். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீரை அடைத்தாள். குளியலறையில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"இன்னாமே, நெசமாவே கழட்டப் போறியா?" வேலம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆமா அத்த. உள்ள என்ன ஆச்சுன்னு நம்ம கண்ணால பாத்துடலாம்."

"கரண்ட்டு அடிச்சிடப் போவுது."

"மெயினயே எறக்கிட்டேன்."

"அப்ப பேனு ஓடாதா? சரி, ஒரு நாளு வேர்த்தா கொறஞ்சிட மாட்டேன். நீ பாரு."

"ஸ்பானர் வேணும் அத்த. மாமாவோட இஞ்சின் பெட்டியில இருக்கும்."

வேலம்மா கொஞ்சம் யோசித்தாள். அந்தப் பெட்டியை வீட்டில் யாரும் தொடுவதில்லை. நடுக்கடலில் இஞ்சின் மக்கர் பண்ணினால் அதுதான் கைகொடுக்க வேண்டும். ஒரு சாமான் இடம் மாறியிருந்தாலும் பச்சைமுத்து சாமியாடிவிடுவார்.

"நானே எடுத்தாறேன். கேட்டா, முப்பது வருசமா இந்த மனுசனக் கட்டிக்கினு குப்ப கொட்டறேன், ஒரு ஸ்பானரத் தொடக் கூடாதான்னு கேக்கறேன்."

ஹீட்டரின் அடிமூடியை இரண்டு திருகாணிகள் பிடித்திருந்தன. உப்புக்காற்றில் இரண்டும் துருவேறிக் கிடந்தன. வித்யா பள்ளிக்கூட லீவெல்லாம் பைப் கடை கல்லாவுக்குப் பின்னால் கழித்தவள். எடுத்ததும் திருகவில்லை. திருப்புளியை ஆணித்தலையில் நிறுத்தி, அதன் பிடியில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினாள். உள்ளே பிடித்த துரு விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு ஆணிகள் சுலபமாகச் சுற்றி வந்தன.

மூடியை இறக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு சின்னச் சிவப்புப் பொத்தான். தண்ணீர் அளவுக்கு மீறிக் கொதித்தால் கரண்ட்டைத் தானாகவே வெட்டிவிடுகிற பொத்தான் அது. வெளியே துள்ளி நின்றது.

"அத்த, இது கெட்டுப்போகல. சூடு தாங்காம தானா நிறுத்திக்கிச்சு."

"அது எதுக்கு நிறுத்திக்கிது? அதுக்கும் ரோசமா?"

"அதத்தான் பாக்கணும். உள்ள இருக்கற தண்ணிய வடிச்சாதான் தெரியும்."

தண்ணீரை வடிப்பதற்குக் கீழே குழாய் சேரும் இடத்து நட்டைக் கழற்ற வேண்டும். இங்கேதான் வந்தது வினை.

நட்டு அசையவில்லை. ஸ்பானர் நழுவி, வித்யாவின் விரல் முட்டி சுவரில் தேய்ந்து தோல் போனது. வேலம்மா மஞ்சளை அப்பப் போனாள். வித்யா கையை உதறிவிட்டு டீசல் கேட்டாள். மீன்பிடிக்கிற வீட்டில் டீசலுக்கா பஞ்சம்? ஒரு மூடி டீசலை நட்டைச் சுற்றி ஊற்றி, அரை மணி நேரம் ஊற விட்டார்கள். அதற்குள் வேலம்மா பேத்திக்கு வெள்ளைத் துணிகளை மடித்து வைத்தாள். வித்யா மறுபடி ஏறி, நட்டின் ஒவ்வொரு முகத்திலும் லேசாகத் தட்டி, ஸ்பானரை மாட்டி இரண்டு கையாலும் தொங்கினாள். சுவருக்குள் குழாய் முனகியது. சட்டென்று கையை எடுத்துவிட்டாள். குழாய் சுவருக்குள்ளேயே உடைந்தால் பச்சைமுத்துவுக்கு இன்னொரு பேச்சு கிடைத்துவிடும்.

மணி பத்தரை ஆகிவிட்டது.

வெறும் துரு இப்படிப் பிடிக்காது என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. போனில் டார்ச்சைப் போட்டுக் கிட்டத்தில் பார்த்தாள். நட்டுக்குக் கீழே எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு கட்டி. சுவரோடு சுவராக வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தது. இத்தனை நாள் அதைக் கீழேயிருந்து பார்த்தவள், ஹீட்டர் மாட்ட வந்த ஆள் பூசிய வெள்ளை சிமெண்ட் என்று நினைத்திருந்தாள். ஸ்பானர் முனையால் சுரண்டினாள். பெயிண்ட் உதிர்ந்து, உள்ளே மஞ்சளாகக் கண்ணாடி போல ஏதோ தெரிந்தது. இன்னும் சுரண்டியதும் மெல்லிய நார்கள் நீட்டிக்கொண்டன. விரலில் பட்டதும் அரிப்பு எடுத்தது.

கோட்டைக்குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எட்டே மாதத்தில் அந்த அரிப்பை அவளுக்கு நன்றாகத் தெரியும். பைபர் படகுக்கு ஒட்டுப் போடுகிற ரெசின் பசையும், அதோடு சேர்த்துச் சுற்றுகிற கண்ணாடி நாரும்.

"அத்த, இங்க யாராச்சும் ஒட்டுப் போட்டாங்களா?"

வேலம்மா மடித்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டாள்.

"சித்திரையில. மீன்புடி தடைக்காலத்துல நம்ம போட்டு கரையில கெடந்துச்சில்ல, அப்ப. நீ உங்க ஊட்டுக்குப் போயிருந்த. அதுலேர்ந்து சொட்டு சொட்டா ஊத்திக்கினே இருந்துச்சி. நான் பக்கெட்டு வெச்சேன். அவுரு பாத்தாரு. பாத்துட்டு சும்மா குந்துவாரா? போட்டுக்குக் கலக்குன ரெசின்ல கொஞ்சம் எடுத்தாந்து, நாரு மேட்டு சுத்தி, பூசிட்டாரு. அப்பால ஒரு சொட்டு வந்துச்சான்னு கேளு. பாக்க நல்லா இருக்கணும்னு பெயிண்டும் அடிச்சாரு."

வித்யா ஸ்டூலிலிருந்து இறங்கி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். 

பச்சைமுத்துவை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. தண்ணீர் சொட்டினால் அடைப்பது அந்த மனிதருக்கு இரத்தத்தில் ஊறிய பழக்கம். படகில் ஒரு சொட்டு கசிந்தாலும் அதை அடைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அப்படிப் பார்த்துப் பார்த்து அடைத்ததால்தான் முப்பது வருடமாகக் கடலுக்குப் போய்த் திரும்பி வருகிறார். ஆனால் இந்தச் சொட்டு, சொட்ட வேண்டிய சொட்டு.

"அத்த, அந்தக் கட்டிக்குள்ள ஒரு வால்வு இருக்கு. தண்ணி சூடாகி உள்ள அழுத்தம் ஏறுனா, அது வழியாத்தான் சொட்டு சொட்டா வெளிய வரும். வரணும். குக்கர்ல விசில் மாதிரி. மாமா விசில அடைச்சிட்டாரு."

வேலம்மாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவள் அக்கா வீட்டில் ஒரு முறை குக்கர் வெடித்து, மூடி கூரை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது.

"அய்யோ, வைஷ்ணவி," என்றாள். "வயித்துல புள்ளயோட. இதுங்கீழ நின்னுக்கினு. நான் வேற சுவிச்சப் போட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போய்டுவேன். வந்துதான் நிறுத்துவேன்."

"தெரியும் அத்த."

"அந்தப் பொத்தான் மட்டும் நிறுத்தலன்னா?"

 இரண்டு பேரும் மேலே பார்த்தார்கள். உபயோகமில்லாமல் நின்றுபோச்சு என்று பன்னிரண்டு நாளாக வீடே திட்டித் தீர்த்த அந்த ஹீட்டர், நின்றதால்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

வேலம்மா வித்யாவின் கையைப் பிடித்தாள். "வைஷ்ணவி மாமியா ஊட்டுக்காரங்க முன்னாடி இத சொல்லிடாதமே. அவுரு தாங்க மாட்டாரு."

வித்யாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கப்பாவ அத்தன பேர் முன்னாடி சொன்னாரே அத்த. அவர் மட்டும் தாங்குவாரா?"

"சொன்னது தப்புதான். நான் இல்லன்னு சொல்லல."

"நானா போய்ச் சொல்ல மாட்டேன். ஆனா யாராச்சும் கேட்டா, பொய் சொல்ல மாட்டேன்."

 வித்யாவுக்கும் மனசு முழுக்க நேராக இல்லை. ஹீட்டர் மாட்டிய அன்றே அந்த ஆள், இது அப்பப்ப சொட்டும், பயப்படாதீங்க என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். புதுப்பெண்ணாக இருந்த கூச்சத்தில் அவள் அதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ரெசினுக்கு வேலையே வந்திருக்காது என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

பன்னிரண்டு மணிக்குப் பச்சைமுத்து சாப்பிட வந்தார். குளியலறையில் டார்ச் வெளிச்சத்தையும், தரையில் தன் இஞ்சின் பெட்டி திறந்து கிடப்பதையும் பார்த்தார். முகம் மாறியது.

"வேலம்மா, என் பொட்டிய யாரு தொட்டது?"

"நாந்தான் தொட்டேன். இங்க வா. மொதல்ல இத கேளு."

வித்யா எழுந்து நின்றாள். பன்னிரண்டு நாட்களில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினாள். வால்வைச் சொன்னாள், அதன் வேலையைச் சொன்னாள், சிவப்புப் பொத்தானைக் காட்டினாள். குரலை உயர்த்தவில்லை.

பச்சைமுத்து மனைவியைப் பார்த்தார். "சொட்டறத அடைக்காம உட்டுடணுமாமா? கேளு அவள."

"அவ பக்கத்துலதான் நிக்கறா. நீயே கேளு," என்றாள் வேலம்மா. "விசில அடைச்சி அடுப்புல வெச்ச கதயா பண்ணி வெச்சிருக்க. அதுங்கீழ உம்பொண்ண ரெண்டு மாசம் நிக்க வெச்சிருக்க."

பச்சைமுத்து ஸ்டூல் மேல் ஏறினார். தான் பூசிய கட்டியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். நல்ல ஒட்டுத்தான், ஒரு விரிசல் இல்லை. இறங்கி வந்தவர் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பிறகு கேட்டார். இந்த முறை மனைவியைக் கேட்கவில்லை.

"வைசு குளிக்கும்போது வெடிச்சிருக்குமா?"

"தெரியல மாமா. வெடிச்சிருக்கலாம். அது தானா நின்னுடுச்சு."

அவர் வெளியே போய்விட்டார். சாப்பாடு போட்ட தட்டு அப்படியே இருந்தது. கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று இரண்டு பெண்களும் நினைத்தார்கள். "போனா போவட்டும். பசிச்சா வருவாரு," என்று வேலம்மா தட்டை மூடி வைத்தாள். ஆனால் அவள் கண் வாசலிலேயே இருந்தது.

கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் ஒரு உளி, ஒரு கட்டுப் பழைய துணி, கரையில் யாரிடமோ வாங்கிய இன்னொரு பெரிய ஸ்பானர்.

"அது டீசலுக்கு மசியாது," என்றார் வித்யாவிடம். "ரெசினு துரு இல்ல. கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வை. துணிய முக்கி சுத்தி சுத்தி வெச்சா எளகும். பழைய ஒட்ட நாங்க அப்டித்தான் எடுப்போம்."

ஹீட்டரைக் கழற்றுவதற்கு அடுப்பில் வெந்நீர் வைக்க வேண்டியதாகிவிட்டது. வேலம்மாவுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. பேத்திக்கென்று தேய்த்து வைத்திருந்த பெரிய அலுமினியக் குண்டானிலேயே தண்ணீரை வைத்தாள்.

ஏழெட்டு முறை சுடுதுணி சுற்றினார்கள். அவருடைய கை காய்ப்பேறிய கை, துணியைப் பிழியும்போது முகம் சுளிக்கவில்லை. பிறகு உளியை ஓரத்தில் கொடுத்து, தட்டாமல் நெம்பினார். ஒரு தோல் உரிந்து வந்தது. மறுபடி சுடுதுணி, மறுபடி உளி. இரண்டு மணி வாக்கில் கட்டி முழுதாகப் பெயர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. வால்வின் சின்ன மூக்கு வெளியே தெரிந்தது, துவாரம் முழுக்க ரெசின் அடைத்துக்கொண்டு.

நட்டு இன்னும் அசையவில்லை. பச்சைமுத்து ஸ்பானரை மாட்டி, வலை இழுக்கிற பலத்தோடு இழுக்கப் போனார்.

"மாமா, இருங்க. செவுத்துக்குள்ள கொழாய் ஒடஞ்சிடும். நான் இந்த ஸ்பானரால கொழாயப் புடிச்சிக்கறேன். நீங்க நட்ட மட்டும் திருப்புங்க. மொதல்ல கொஞ்சம் இறுக்குங்க."

"கழட்டறதுக்கு எதுக்கு இறுக்கறது?"

"இறுக்குனா உள்ள துரு ஒடையும். அப்புறம் தளத்துனா வரும்."

அவர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். கடலில் எத்தனை நட்டைக் கழற்றியிருப்பார். எல்லாம் பலத்தால் கழற்றியது, பாதி உடைத்துக் கழற்றியது. இருந்தாலும் சொன்னபடி செய்தார். ஒரு மயிரிழை இறுக்கினார், பிறகு பின்னால் திருப்பினார். வரவில்லை. "இன்னொரு தரம் மாமா." மறுபடி முன்னால், மறுபடி பின்னால். நாலாவது முறை 'டக்' என்று ஒரு சத்தம்.

 குழாய் உடைந்ததா, நட்டு விட்டதா?

"வந்துடுச்சி," என்றார் பச்சைமுத்து. அவர் குரலே அவருக்குப் புதிதாகக் கேட்டிருக்க வேண்டும். "கொழாய்க்கு ஒண்ணும் ஆவல. நட்டு வந்துடுச்சி."

வேலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வித்யா சுவரில் சாய்ந்து நின்று, பல நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள். பழுப்புத் தண்ணீர் கொட்டி மூன்று பேர் காலையும் நனைத்தது. அதோடு முட்டை ஓடு போல வெள்ளைச் சில்லுகள் விழுந்தன. போர்வெல் தண்ணீரின் உப்பு. அடித்தகட்டின் ஆறு நட்டுகள் டீசலுக்கே விட்டுக்கொடுத்தன. உள்ளே தண்ணீரைச் சூடாக்குகிற காயில் கம்பி மேல் உப்பு பாறையாகப் படிந்திருந்தது. சூட்டை அளக்கிற குழல் மேலும் அதே கதை. அதனால்தான் அதற்குச் சூடு தெரியவில்லை, நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை. ஹீட்டரின் உள்தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கும் வீக்கம் இல்லை, விரிசல் இல்லை, எனாமல் பளபளவென்று இருந்தது.

பச்சைமுத்து டார்ச்சை வாங்கி உள்ளே வெகுநேரம் பார்த்தார்.

"புதுசுதான்," என்றார்.

மூன்று மணிக்குக் காயலான் கடைக்காரர் சைக்கிளை நிறுத்தி மணி அடித்தார். பச்சைமுத்து ஈரக் காலோடு வாசலுக்குப் போனார்.

"சாமான் எங்கண்ணா?"

"சாமான் இல்ல. நீ போ."

"நீதானே வரச் சொன்ன?"

"சொன்னவனுக்குப் புத்தி இல்லன்னு வெச்சிக்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

நாலு மணி தாண்டி, வைஷ்ணவியின் புகுந்த வீட்டாருடைய திருப்பாலைவனத்துக் கார் தெருவில் திரும்பியது. வேலம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். வைஷ்ணவி குழந்தையை அணைத்துக்கொண்டு இறங்கினாள், பின்னாலேயே அவள் மாமியார் முத்தம்மாள் இறங்கினாள். பச்சைமுத்து பேத்தியைக் கையில் வாங்கவில்லை. கையெல்லாம் டீசல் என்று காட்டினார். வைஷ்ணவியைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அப்படிப் பார்க்கிற மனிதர் அல்ல அவர்.

"இன்னா நைனா, அப்டி பாக்கற?"

"ஒண்ணுமில்ல. நல்லாகீறியான்னு பாத்தேன்."

முத்தம்மாள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான். "சுடுதண்ணிக்கு இன்னா பண்ணுவீங்க சம்பந்தி? அந்தப் பழைய ஹீட்டரத் தூக்கிப் போட்டாச்சா? அன்னிக்கு வித்யா நைனா கடையில கெடந்ததுன்னு சொன்னீங்களே."

வேலம்மா வித்யாவைப் பார்த்தாள்.  அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்ல மாட்டேன் என்றாளே தவிர, கேட்காதபோது என்ன செய்வது என்று அவள் யோசித்து வைக்கவில்லை.

பச்சைமுத்து உள்ளே போனார். காகிதத்தில் சுற்றி வைத்திருந்த ரெசின் கட்டியைக் கொண்டுவந்து முத்தம்மாள் எதிரில் வைத்தார்.

"ஹீட்டரு பழசு இல்லம்மா. புதுசு. சொட்டுதுன்னு நாந்தான் இதப் பூசி அடைச்சிட்டேன். சொட்டணுமாம் அது. அடைச்சா வெடிக்குமாம். வயித்துல உங்க ஊட்டுப் புள்ளயோட எம்பொண்ணு அதுங்கீழதான் குளிச்சிது. அது தானா நின்னு எங்கள காப்பாத்திச்சி. அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் பேசினது அத்தனையும் தப்பு. அந்த மனுசன் மேல ஒரு குத்தமும் இல்ல."

முத்தம்மாள் கட்டியைத் தொடாமல் பார்த்தாள். வைஷ்ணவி பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டாள். 

"வித்யா," என்றார் பச்சைமுத்து. "உங்கப்பாவுக்குப் போனப் போடும்மா."

வித்யா போட்டுக் கொடுத்தாள். அவருக்குக் காதில் வைத்துப் பேச வராது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் வைத்துக்கொள்வார்.

"சொல்லும்மா," என்றது எத்திராஜின் குரல்.

"சம்பந்தி, நான் பச்சைமுத்து பேசறேன்."

 அந்தப் பக்கம் கடைக்கு எதிரில் போகிற பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது. கடையில் ஆள் நிற்கிறது என்று சொல்லிவிடப் போகிறார் என்று வித்யா பயந்தாள்.

"நான் அன்னிக்குப் பேசினது தப்பு. வால்வ நாந்தான் ரெசின் போட்டு அடைச்சேன். உங்க பொண்ணுதான் கண்டுபுடிச்சா. இவங்க எல்லாரையும் வெச்சிக்கினுதான் சொல்றேன், திருப்பாலைவனத்துக்காரங்களும் கீறாங்க. மனசுல வெச்சிக்காதீங்க சம்பந்தி."

 எத்திராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நட்டக் கழட்டும்போது மரை தேஞ்சிதா?"

பச்சைமுத்துவுக்கு முதலில் புரியவில்லை. வித்யா பக்கத்தில் வந்தாள். "மரை நல்லா இருக்குப்பா. கொழாய்க்கும் ஒண்ணும் ஆகல."

"அந்த வால்வு இனிமே ஆகாது. புதுசு கடையில இருக்கு, நான் எடுத்துக்கிட்டு வரேன். நான் வந்து மாட்டுற வரைக்கும் சுவிட்ச்ச யாரும் தொடாதீங்க."

"இன்னிக்கேவாப்பா?"

"கொழந்த வந்திருக்குல்ல. இன்னிக்கேதான்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், சம்பந்தி, நான் மட்டும் வரல. கூட ஒருத்தங்க வராங்க. யாருன்னு வித்யா கேட்டா, வந்து சொல்றேன்னு சொல்லுங்க."

"எனக்குக் கேக்குதுப்பா. யாருப்பா?"

போன் வைக்கப்பட்டிருந்தது.

பச்சைமுத்து போனை மருமகளிடம் நீட்டினார்.  "சோறு போடு. காலயிலேர்ந்து ஒண்ணும் துன்னல," என்றார். இதையும் அவளிடமே சொன்னார்.

வித்யா சமையலறைக்குள் போய், யாருக்கும் முகம் தெரியாதபடி திரும்பி நின்று அழுதாள். அப்பா வருகிறார். துக்கம் ஒரு துளி இல்லை, ஆனாலும் அழுகை நிற்கவில்லை. பின்னாலேயே வேலம்மா வந்தாள்.

"போதும், அழுவாத. உங்கப்பா வந்து பாத்தா, நாங்க உன்ன அடிச்சோம்னு நெனச்சிக்கப் போறாரு."

வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையில் இருந்த டீசல் கண்ணில் பட்டு இன்னும் எரிந்தது.

"அத்த, அந்த இன்னொருத்தங்க யாரா இருக்கும்?"

"யாரா இருந்தா இன்னா? ரெண்டு பேருக்குச் சேத்து அரிசியக் கழுவு."